தயிர்க்காரி கூட்டிய கூட்டம்

சென்னை, மயிலாப்பூர்
பவ வருஷம், பங்குனி 11

சிரஞ்சீவி மைத்துனன் முருகையனுக்கு, கோதண்டபாணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் தமக்கை சூடாமணியும் வெயிலுக்குப் பயந்து, தயிர்ச் சாதத்தின் தயவில் க்ஷேமம். மதுரையில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்துக்கு உன்னைக் காரியதரிசியாகப் போட்டிருப்பதும், போலீஸ், ஆஸ்பத்திரி, சங்கம் எல்லாம் கைகோத்து வேலை செய்ய என்ன வழி என்று நீ என்னைக் கேட்டிருப்பதும் அறிந்து சந்தோஷம். முப்பத்தொரு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாய்? ஆனால் இந்த வாரம் நான் கண்டதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். எனக்கே இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கபாலீசுவரர் குளத்துப் படியில் எட்டு வயசுப் பெண் ஒன்று, இடது கையைக் கந்தல் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேர் பாஞ்சாலி. தாயில்லாப் பெண். ஆதம்பாக்கத்திலிருந்து கொண்டுவந்து நம் தெரு எதிர்ச்சாரி மாடி வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஓடி வந்திருக்கிறது. அடுத்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படியப்பா தெரியும்? நான் அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ரைட்டர், காயம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் படுக்கை கொடுத்தாள், மகராசி, ஆனால் கார்டியன் யார் என்றாள். இவ்விடத்துக் குழந்தைகள் சங்கத்துக்கு ஓடினேன். போலீஸ் ரிப்போர்ட் இருந்தால்தான் சேர்ப்போம் என்றார் காரியதரிசி. போலீசில் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். டாக்டரம்மாள், போலீஸ் எழுதிக் கேட்டால்தான் சர்டிபிகேட் என்றாள். அறுபத்துமூவராவது வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாட வீதியைச் சுற்றுகிறார்கள், நான் மூன்று நாளில் ஏழு தடவை சுற்றினேன். செருப்பு வார் அறுந்தது, குடையை எந்த ஆபீசில் வைத்தேனோ தெரியவில்லை, சங்கத்து வாசல் நாய் என் வேட்டியைக் கிழித்தது. அத்தனைக்கும் நடுவில் ஆபீசுக்கு ஒன்றாக, திருத்தமாக, மூன்று மனு எழுதிக் கொடுத்தேன்.

புதனன்று தலையில் இடி. மாடி வீட்டுக்காரர் ஸ்டேஷனில், வேலைக்காரப் பெண் வெள்ளிக் கிண்ணத்தோடு ஓடிவிட்டாள் என்று முன்னமே புகார் எழுதி வைத்திருக்கிறார். ரைட்டர் அவரிடம் பெண் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்ல, அவர் நேரே அங்கே போய், நான்தான் கார்டியன், கை அடுப்பில் பட்டுவிட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி கொண்டுவந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. செய்தி காதில் விழுந்ததும் பாஞ்சாலி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் குனிந்து எவ்வளவோ கூப்பிட்டேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து, வேறு என்ன செய்வேன், நாலாவது மனு எழுத உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தயிர் ஊற்ற வேலம்மா வந்தாள். அவளை உனக்குத் தெரியும், தலையில் பானையோடு வாசலில் நின்றே ஊர்க்கதை பேசுவாளே, அவள்தான். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"நீ எழுதினு கீற சாமி, அவங்க படிச்சினு கீறாங்க. கொயந்தைய யாரு பாத்துக்கினு கீறா?" என்றாள்.

முருகையா, நான் பேனாவைக் கீழே வைத்தேன். மறுநாள் அவள் என்ன செய்தாள் தெரியுமா? இன்ஸ்பெக்டர் ஷரீஃப் சாகிப் வீடு, டாக்டரம்மாள் வீடு, காரியதரிசி வீடு, மூன்றுக்கும் தயிர் அவள்தான். மூன்று சமையலறைக் கதவண்டையும் பாஞ்சாலி கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, நாளைக்குத் தயிர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான், அதுவும் எசமானே பாத்திரத்தோடு வந்தால்தான் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டாள். பங்குனி வெயிலில் தயிரில்லாமல் எந்த வீடு நடக்கும்? இன்ஸ்பெக்டர் சம்சாரம் ஹாஜிரா பீ, புருஷர் கையில் தாமே தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பினார்களாம்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு நான் போய்ப் பார்க்கிறேன், இன்ஸ்பெக்டர் தூக்கோடும், காரியதரிசி கூஜாவோடும், டாக்டரம்மாள் வெண்கலச் செம்போடும் வரிசையாக நிற்கிறார்கள். வேலம்மா பானையைத் திறக்கவில்லை. கட்டிலடியிலிருந்து பாஞ்சாலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் வந்து நின்றாள். டாக்டரம்மாள் கட்டை அவிழ்த்து, இது அடுப்பில் பட்டதில்லை, கரண்டியால் வைத்த சூடு என்றாள். இன்ஸ்பெக்டர் தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு, குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"கிண்ணம் போச்சுன்னு நம்மகிட்டே எழுதிக் கொடுத்தாங்க. கை போனதை யாரும் சொல்லலியே," என்றார்.

நான் மூன்று மனு கொடுத்திருந்தேனே என்று கேட்கிறாயா? போலீஸ் மனுவில் ஓடிவந்ததை மட்டும், ஆஸ்பத்திரி மனுவில் காயத்தை மட்டும், சங்கத்து மனுவில் தாயில்லாததை மட்டும் எழுதியிருந்தேன். அந்தந்த இலாகாவுக்கு அந்தந்த விஷயம் என்பதுதானே ஆபீஸ் முறை! அங்கேயே தாழ்வாரத்துப் பெஞ்சில், தூக்கு மூடிமேல் காகிதத்தை வைத்து இன்ஸ்பெக்டர் எழுத, டாக்டரம்மாள் எழுத, காரியதரிசி இரண்டையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மொத்தம் இருபது நிமிஷம். ஒன்பது மணிக்கு மாடி வீட்டு வண்டி வந்தபோது பெண் சங்கத்து விடுதியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. வண்டியில் வந்தவரை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அதற்கப்புறம்தான் வேலம்மா பானையைத் திறந்தாள். என் சர்வீசில் இப்படி ஒரு ஃபைல் முடிந்து பார்த்ததில்லையப்பா. அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன், வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

ஆகவே என் அனுபவத்தை உன் சங்கத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள். ஆலோசகர் என்று என் பெயரைப் போட்டாலும் ஆட்சேபணை இல்லை. குழந்தைகளுக்கு எங்கள் ஆசியைச் சொல். மீனாக்ஷியம்மன் உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: கடிதத்தைச் சூடாமணி வாங்கிப் படித்தாள். என் மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தாள். என் கையெழுத்துத்தான். எதிர் மாடி வீட்டில் ஒரு சிறு பெண்ணை அடிப்பதும் அது அலறுவதும் தினமும் கேட்கிறது என்று ஆறு பாராவில் மனு. எந்த இலாகாவுக்கு அனுப்புவது என்று தீர்மானமாகாததால் விலாசத்துக்கு இடம் விட்டு, ஓரத்தில் ‘பரிசீலனையில்’ என்று நானே குறித்திருக்கிறேன். தேதி கார்த்திகை 4. ஆலோசகராக என் பெயரைப் போடாதே, முருகையா. கார்த்திகையில் அந்தக் குழந்தையின் கை நன்றாக இருந்தது.