தையல்சாமியும் மாட்டுத்தோலும்

ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். ஒரு ஊது ஊதினால் புண் மூடிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட தையல்சாமி ஊருக்கு வந்ததும் சனங்களுக்கு விழுந்து அடிபடுவதே ஒரு பெருமையாகிவிட்டது. விரலை நறுக்கியவள், சவரக்கத்தி பட்டவன், கதவிடுக்கில் கை கொடுத்தவன் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"கழுவி மூடி வை. நம்பிக்கை இருந்தா ஆறும்" என்று சாமி ஊதுவார். ஆறினால் சாமியின் மூச்சு. ஆறாவிட்டால் நம்பிக்கை போதவில்லை. சாமியின் காணிக்கைப் பெட்டி மட்டும் இரண்டு வழியிலும் நிறைந்தது.

தோல்பைப் பட்டறையில் தையல் மிஷின் மிதிக்கும் இளம்பெண் ஒருத்தி இதைச் சிரித்துத் தள்ளியிருப்பாள். ஆனால் சர்க்கரை நோயுள்ள அம்மாவின் கால்விரல் புண் கறுத்துக்கொண்டே வந்தது.

"ஆஸ்பத்திரின்னா காலை எடுத்துடுவாங்க. சாமி ஊதுறதோட சரி" என்றான் அண்ணன்.

"ஊதிக்கிட்டே இருக்க அது என்ன அடுப்பாண்ணே?"

"உன் வாயாலதான்டி அம்மாவுக்கு ஆறல."

அந்த வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுக்கு இரண்டு முழங்கையும் சிராய்த்தது. சாமியிடம் வலதை மட்டும் காட்டினாள். இடது, சட்டைக் கைக்குள் பதுங்கியிருந்தது. இரண்டையும் ஒன்றுபோலக் கழுவினாள்.

ஆறியதும் சாமி அவள் வலக்கையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். அவள் இடக்கைச் சட்டையைச் சுருட்டினாள். அதுவும் ஆறியிருந்தது.

"இதுக்கு யார் சாமி ஊதினது?"

சாமி அசரவில்லை. "என் மூச்சு எங்கேயும் பரவும் மகளே. தோல்னு ஒண்ணு இருந்தா போதும், கூடிக்கும்."

"தோல் இருந்தா போதுமா?"

"போதும்."

அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கிழிந்த துண்டை நீட்டினாள். "மாட்டுத்தோல். ஊதுங்க."

சாமி ஊதினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. கிழிசல் கிழிசலாகவே இருந்தது.

"மாட்டுக்கு நம்பிக்கை போதலையோ?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சாமிக்குப் பொறுக்கவில்லை. "அது செத்த தோல். அது எப்படிம்மா கூடும்?"

"அதைத்தான் சாமி நானும் சொல்றேன். உயிருள்ள தோல் தானா கூடிக்குது. நடுவுல நீங்க எதுக்கு?"

அண்ணன் போய் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினான்.

"தோலுக்கு அடியில நார் நெய்யுற செல்கள் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "புண் வந்தா அதுங்க ஊர்ந்து வந்து, நார் பின்னி, ஓரத்தை இழுத்துச் சேர்க்கும். சர்க்கரை ஏறிப்போனா அதுங்களுக்கு வேலை ஓடாது. முன்னாடியே வந்திருக்கலாம். விரல் போகும், கால் தப்பிச்சுது."



சாமி இப்போது பக்கத்து ஊரில் ஊதுகிறாராம். வரிசை இங்கிருந்ததைவிட நீளமாம். தோலில் விழுந்த கிழிசலை உடம்பே நெய்துகொள்ளும். புத்தியில் விழுந்த கிழிசலை அவரவர் யோசித்துத்தான் தைக்க வேண்டும்.