அறுபத்துமூன்றா, ஐம்பத்தைந்தா?

இடது கண்ணால் பார்த்தால் அறுபத்துமூன்று. வலது கண்ணால் பார்த்தால் ஐம்பத்தைந்து.

காசு ஒன்றுதான். பார்க்கிற ஆளும் ஒருவர்தான். பூதக்கண்ணாடி அந்தத் தங்கக் காசைக் கறுப்புத் துணியில் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கப் போனார். கசக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். மறுபடி காசின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி விளக்கடியில் சாய்த்தார். அறுபத்துமூன்று. ஐம்பத்தைந்து. இரண்டு கண்ணும் சொன்ன சொல் மாறவில்லை.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகத்தார் அவருக்கு வைத்த பெயர். பழைய தங்கக் காசுகளைப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. அச்சிலிருந்து விழுந்த நாள் முதல் யார் கையிலும் புழங்காத காசு என்றால் அறுபதுக்கு மேல். அப்படிப்பட்ட காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், ஓர் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம் மாதிரி அதன்மேல் சுற்றி வரும். நாலு பேர் கையில் புழங்கிய காசு என்றால், அந்தக் கீற்று தலை உருவத்தின் கன்னமேட்டுக்கு வந்ததும் அறுந்துபோகும். சோப்புப் போட்டுத் தேய்த்த காசு ஊரையே ஏமாற்றும்படி மின்னும். ஆனால் கீற்றைச் சுற்ற வைக்க அதனால் ஆகாது. இதெல்லாம் அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்றைக்கு, முழு விழிப்பில், கீற்று கன்னத்தில் அறுகிறதா இல்லையா என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். வலது கண்ணுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். கட்டு அவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது மனைவி. "ஐயோ, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"இனிமே என்னை வலது கண்ணாலயே பாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை.

அலுவலகத்தில் அவர் மூச்சு விடவில்லை. மச்சினி மகள் கல்யாணம் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார். காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் ஒருநாள் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலமே மேனேஜர் அவர் கையைக் குலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பூதக்கண்ணாடிக்கு அந்த நாற்காலியை விட்டால் போக்கிடம் கிடையாது. வீட்டில் சுவர்க்கடிகாரம் வேறு ஏற்கெனவே இருக்கிறது.

'இரண்டு நிபுணர்கள், ஒரே தீர்ப்பு' என்று நிறுவனத்தின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தது. ஒரு காசை இரண்டு பேர் பார்ப்பார்கள். பார்த்து முடித்த பிறகு ஆளுக்கொரு அட்டையில் மதிப்பெண் எழுதுவார்கள். ஒருவர் எழுதுவது அடுத்தவருக்குத் தெரியாதபடி மேஜைக்கு நடுவே அரைச் சாண் உயரத்துக்கு ஒரு பலகை. அட்டையை அந்தப் பலகையோடு ஒட்டி வைத்துத்தான் எழுத வேண்டும்.

பலகைக்கு அந்தப் பக்கம் உட்காருபவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். பூதக்கண்ணாடி எழுதி முடித்த பிறகும் அரை நிமிஷம் யோசித்து, ஆற அமரத்தான் எழுதுவார். ஆனால் எழுதினால் எழுதியதுதான். இருவர் மதிப்பெண்ணும் ஒருநாள்கூட ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

"கழுகுக் கண்ணு அந்த மனுஷனுக்கு!" என்று பூதக்கண்ணாடி வீட்டில் வாயாரப் புகழ்வார்.

அந்த மூஞ்சிக்கும் ஈரம் உண்டு. தங்கத்துக்குப் பக்கத்தில் மை ஆகாது என்பதால் அங்கே எல்லாம் பென்சில்தான். மாதம் பிறந்தால் உம்மணாமூஞ்சி தன் கைக்காசில் வாங்கிய நீளமான பென்சில் ஒன்றைப் பலகைக்கு மேலாக நீட்டுவார். "குட்டிப் பென்சில்ல எழுதாதீங்க சார், கை வலிக்கும்." மாதத்துக்கு ஒருமுறை வருகிற அந்த ஒரு வாக்கியத்தில் பூதக்கண்ணாடிக்கு மனசு குளிர்ந்துவிடும். இந்த மாதம் பிறந்தபோது அவர் லீவில் இருந்தார். இன்றைக்குத்தான் திரும்பி வந்து, மேஜை டிராயரில் கிடந்த சுண்டுவிரல் அளவுத் துண்டுப் பென்சிலை எடுத்து வைத்திருந்தார்.

வந்ததும் வராததுமாக இந்தக் காசு. மதிப்பெண் இரண்டும் மாறினால் மேனேஜர் விசாரிப்பார். யார் கண்ணில் கோளாறு என்று பார்ப்பார். உம்மணாமூஞ்சியின் கண்ணில் இருக்காது.

சரி, இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட பழைய கண்ணையே நம்புவோம் என்று பூதக்கண்ணாடி இடது கண்ணை மூடினார். ஐம்பத்தைந்து. சந்தேகம் வந்து திறந்தார். அறுபத்துமூன்று. மூடினார், திறந்தார், மூடினார். யோசனையோடு தலையை நிமிர்த்தியபடி இன்னொரு தடவை மூடினார்.

எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காசின் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காசை என் கண்முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அங்கே இடம் வாங்கியிருந்தார். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கதவு திறந்தது. குடை முதலில் உள்ளே வந்தது.

"என்னய்யா, கண்ணடிக்கிற? என் பேரனுக்கே மீசை முளைச்சாச்சு!"

"ஐயையோ, இல்லம்மா! நான் காசைத்தான்…"

"காசைப் பாத்து யாராவது கண்ணடிப்பாங்களா?"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "என்ன சார் இது, இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் வந்ததில்லையே!"

"கண்ணு வலி சார்" என்றார் பூதக்கண்ணாடி. வாயில் வந்தது அதுதான்.

டீச்சர் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் வந்த வழியே வாசல்வரை பின்னால் போய் நின்றார்.

"ஒட்டிக்கிற வகையா?"

"தெரியல சார்."

"அப்ப நீங்க உடனே வீட்டுக்குக் கிளம்புங்க. உங்க பங்கை நான் பாத்து எழுதிடறேன்."

போன வருஷம் மேனேஜர் ஒரு சட்டைப் பித்தானுக்கு நாற்பத்தைந்து போட்டவர். அவர் உட்கார்ந்தால் மதிப்பெண் மாறாமல் இருக்காது. மாறினால், உம்மணாமூஞ்சி இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த பேர் போய்விடும். அதோடு, ஒருநாள் விட்ட நாற்காலி திரும்பிக் கிடைக்குமா என்ன?

"வலி இல்ல சார்! சும்மா சொன்னேன். இது ஒரு முறை."

"என்ன முறை?"

"ஒத்தக்கண் முறை. ரெண்டு கண்ணாலயும் பாத்தா ஒளி சிதறிடுது. ஒண்ணை மூடினாத்தான் கீற்று நிக்கும். வெளியூர்லல்லாம் இப்ப இப்படித்தான் சார் பாக்குறாங்க."

மேனேஜர் முகம் மலர்ந்துபோனது. "கல்யாண வீட்டுக்குப் போன இடத்துலயும் தொழில் ஞாபகம்! கேட்டீங்களா டீச்சரம்மா? இதான் எங்க நிறுவனம்!" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் பூதக்கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். "நானும் கத்துக்கறேன். எந்தக் கண்ணை மூடணும்?"

அதற்கு விடை தெரிந்திருந்தால் பூதக்கண்ணாடி இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"அது… அவங்கவங்க கண்ணைப் பொறுத்தது சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் என்று ஒற்றை விரலைக் காட்டியபடி பாத்ரூமுக்குப் போனார். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மனைவிக்கு போன் போட்டார்.

"எந்தக் கண்ணை நம்புறதுன்னு தெரியல."

"இதென்ன கேள்வி? லட்சணமா ஆபரேஷன் பண்ணின கண்ணை நம்புங்க."

"அப்படின்னா பழைய கண்ணு எத்தனை நாளா தப்பாப் பாத்துட்டு இருந்துது?"

"காபியில எறும்பு மிதந்தாக்கூடத் தெரியாம குடிச்சீங்களே, அதுக்கே மூணு வருஷம் இருக்கும்."

பூதக்கண்ணாடி மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று வருஷம். எத்தனை காசு, எத்தனை சான்றிதழ். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து.

"இரு, இரு. அத்தனைக்கும் உம்மணாமூஞ்சியும் அதே நம்பர்தானே போட்டார்? அவர் கண்ணு கழுகுக் கண்ணாச்சே! அப்ப பழைய கண்ணு சரிதானே?"

"அப்ப பழைய கண்ணையே நம்புங்க."

"புதுக் கண்ணுல கீற்று நல்லாச் சுத்துதுடி!"

"ஐயோ, என் உயிரை வாங்காதீங்க. அந்தக் கழுகு என்ன எழுதுதுன்னு எட்டிப் பாத்து, அதையே எழுதிட்டு வந்து சேருங்க."

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருநாள் கழுத்தை நீட்டியவர் இல்லை அவர். எட்டிப் பார்ப்பவனும் ஒரு மனுஷனா? குழாயை மூடினார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். புதுக் கண்ணுக்கு அந்த முகமும் ரொம்பக் கிழடாகத்தான் தெரிந்தது. இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

காசு பலகையைத் தாண்டி உம்மணாமூஞ்சியிடம் போனது. அவர் ஓரத்தைப் பிடித்து, சாய்த்து, திருப்பி, லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்து, ஒரு குறையும் இல்லாமல் பார்த்தார். காசைத் துணியில் வைத்தார். பென்சிலை எடுத்தார்.

நம்மவரும் துண்டுப் பென்சிலை எடுத்து, எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டு காத்திருந்தார்.

ஐந்து நிமிஷம் போனது. வேண்டுமென்றே ரப்பரைக் கீழே தள்ளினார். எடுக்கிற சாக்கில் எழுந்து, விளக்கைச் சரி செய்கிற மாதிரி பலகைக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். உம்மணாமூஞ்சியின் அட்டை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

என்ன மனுஷன்! எவ்வளவு நிதானம்!

பத்து நிமிஷம் கழித்து மறுபடி விளக்கைச் சரி செய்தார். வெள்ளைதான். அடுத்த கால் மணி நேரத்தில் விளக்கு ஆறு தடவை சரியாகிவிட்டது. இவர் எழுந்தபோதெல்லாம் உம்மணாமூஞ்சி இவரைக் கவலையோடு ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று பூதக்கண்ணாடி சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் மேனேஜர் ஒற்றைக் கண்ணை மூடிப் பழகிக்கொண்டே இருந்து, இரண்டு கண்ணையும் மூடித் தூங்கிப்போயிருந்தார். தடுப்புக்கு அப்பால் டீச்சர் குடையால் தரையைத் தட்டினார்.

"பரீட்சை ஹால்ல ரெண்டு பசங்க இப்படி முழிச்சா நான் என்ன நெனைப்பேன் தெரியுமா?" என்றது கண்ணாடி வழியாக லேசாகக் கேட்டது.

பூதக்கண்ணாடிக்கு மனசு விட்டுப்போனது. போதும். உண்மையைச் சொல்லிவிடலாம். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் மாட்டலாம். பலகைக்கு மேல் முகத்தை நீட்டி, "சார், ஒண்ணு சொல்லணும்" என்று மெல்ல ஆரம்பித்தார்.

அதற்குள் பலகைக்கு மேலாக ஒரு கை வந்தது. கையில் கூராகச் சீவிய புதுப் பென்சில், நல்ல நீளம்.

உம்மணாமூஞ்சி தூங்குகிற மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்:

"அந்தத் துண்டைப் போட்டுட்டு இதால சீக்கிரம் எழுதுங்க சார், பலகைக்கு மேல பென்சிலோட மேல்நுனி ஆடுறது தெரிஞ்சாத்தானே நானும் எழுத முடியும்?"