இரண்டு சந்தைகளும் சேர்ந்து விழுந்தது குறித்து சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் முகத்தை மூடிக்கொண்டு நலம். அங்கும் அவ்வண்ணமே மூடியிருப்பீர்கள் என நம்புகிறேன். வீட்டிலிருக்கும் ஒரே போனில் பேரனின் பள்ளிக்கூடம் நடப்பதால் இந்தக் கடிதம்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? நம் பிள்ளைகளின் கல்யாண போட்டோவில் நீங்கள் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திய நாளிலிருந்து, உங்கள் நாட்டுப் பங்குச்சந்தை சரிந்தால் எனக்கு நன்றாகப் பசி எடுக்கும். எங்களுடையது சரிந்தால் நீங்கள் போன் செய்து, "தூக்கம் வருதா சம்பந்தி?" என்று விசாரிப்பீர்கள். பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்த நான் எந்த அழுத்தத்தையும் தாங்குவேன். அந்த விசாரிப்பை மட்டும் தாங்க முடியாது. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும் என்ற தைரியத்தில் போன வருடம் என் ஓய்வுப் பணத்தில் பாதியை உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பக்கம் போட்டேன். அப்புறம் வந்தது இந்த நோய். திங்கட்கிழமை காலை எங்கள் சந்தை கவிழ்ந்ததும் உங்களைக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, உங்க பக்கம் ஏறுதுல்ல?"

"எங்க ஏறுது? குப்புற விழுந்து கிடக்கு."

"ஐயையோ, போச்சே!"

"எங்க பக்கம் விழுந்தா உங்களுக்கு என்ன போச்சு?"

உளறிவிட்டேன். பல் டாக்டரான நீங்கள் ஊரார் வாயைத்தான் திறக்க வைப்பீர்கள். அன்று உங்கள் வாயே திறந்தது. "நானும் பாதிய உங்க பக்கம்தான் போட்டிருக்கேன்" என்றீர்கள்.

நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. சத்தம் கேட்ட உங்கள் மகள் என்னை மூன்று நாள் மாடி அறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். "சிரிச்சதும்மா, வெறும் சிரிப்பு!" என்று கத்தினேன். "பங்கு விழுந்த அன்னைக்கு யாராவது சிரிப்பாங்களா மாமா? காய்ச்சல்தான்" என்று சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். அந்த அறையில்தான் எனக்குப் புத்தி வந்தது. வீடு பற்றி எரியும்போது கிழக்கு ஜன்னலா மேற்கு ஜன்னலா என்று பார்த்தா குதிப்பார்கள்? உலகம் மொத்தமும் பயந்து கையிலிருந்ததை விற்றால், உங்கள் பக்கம் என்ன, எங்கள் பக்கம் என்ன? ஆகவே இருவரும் எல்லாவற்றையும் விற்றுவிடுவோம். தூணையும் மன்னித்தேன். இனி நாம் உடன்பிறப்புகள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள், இருமுகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டிவியில் செய்தி: தடுப்பூசி வருகிறதாம். எங்கள் சந்தை எழுந்து நடக்கிறது. உங்களுடையது இன்னும் படுக்கையில். உங்கள் பக்கம் போட்டதை மட்டும் விற்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் எங்கள் பக்கம் போட்டதை, மேலே எழுதியபடி, உடனே விற்றுவிடுங்கள். வெளியாள் யாருக்கும் கொடுக்க வேண்டாம். உடன்பிறப்பு என்ற முறையில் நானே வாங்கிக்கொள்கிறேன், திங்கட்கிழமை விலைக்கு.