முப்பத்தாறு குழாயில் மிளகாய்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி நான் சேர்ந்தது பதினோரு தடவை. பத்துத் தடவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அல்லது கண்டுபிடிப்பதற்குள் நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். பதினோராவது தடவை எலிகள் கண்டுபிடித்துவிட்டன.

குடியாத்தம் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். (நான்காம் வகுப்புக்கு நான் தயார்தான், வாத்தியார் சம்மதிக்கவில்லை.) அதன்பிறகு ரயில் பாதையில் ஜல்லி கொட்டினேன். குடகில் காப்பித் தோட்டத்தில் களை வெட்டினேன். அங்கே காய்ச்சலில் என் அண்ணன் செத்துப்போனான். அவனைப் புதைத்த மறுநாள் வேலைக்குப் போனேன், அதற்கு மறுநாள் கிளம்பிவிட்டேன். ஓரிடத்தில் நாலு மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. யாரும் இருக்கச் சொன்னதுமில்லை.

கோலாரில் தங்கம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பௌரிங்பேட்டையில் (ஊர்க்காரர்கள் பங்காருபேட்டை என்பார்கள்) இறங்கி நடந்து வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய சுரங்கங்களில் ஆள் எடுக்கவில்லை. தங்கவயலின் கடைக்கோடியில், கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு சின்னக் கம்பெனியின் சுரங்கம் எட்டு மாதமாக மூடிக் கிடந்தது. குழி முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரை இறைக்கும் நீராவி இஞ்சின் நாலு தூணும் ஒரு தகரமும் போட்ட கொட்டகையில் காற்றுக்கும் மழைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள்.

ஆள் எடுத்தவர் முனுசாமி மேஸ்திரி. இஞ்சினை ஓட்டுகிறவர் அவர். சுரங்கம் மூடியிருந்ததால் வார நாட்களில் வேறு சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து தன் இஞ்சினைப் பார்த்துவிட்டுப் போவார்.

"இஞ்சின் தெரியுமாடா?"

"தெரியும் மேஸ்திரி. ரயில் இஞ்சினோட நாலு மாசம் இருந்தேன்."

(இருந்தது உண்மைதான். அது போகிற பாதையில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தேன்.)

"ஓட்டவெல்லாம் வேணாம். எலி வராம பார்த்துக்கினா போதும். மழை ஆரம்பிச்சா கொல்லையில வளைக்குள்ள தண்ணி பூந்துடும். காஞ்ச எடம் எங்க கீதுன்னு தேடிக்கினு நேரா இங்கதான் வரும். கொழுப்பு, தோலு, சாக்கு, இது மூணும் இஞ்சின்கிட்ட இருக்கக் கூடாது. புகைக்கூண்டு மேல தகரத்தைக் கவுத்து வை. பெல்ட்டைக் கழட்டி, உத்தரத்துல கம்பி கட்டித் தொங்க விடு. சுத்திப் புல்லு இருந்தா செதுக்கிடு. புரிஞ்சுதா?"

"இதெல்லாம் நீங்க சொல்லணுமா மேஸ்திரி" என்றேன்.

எதற்காக இதெல்லாம் என்பதை அவர் அடுத்தபடியாகச் சொன்னார். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி அன்று, கேப்டன் துரை வருவார். (சுரங்கத்துக்குப் பெரியவரான வெள்ளைக்காரரை அப்படித்தான் சொல்வோம்.) அன்று பொழுது சாய்வதற்குள் இஞ்சின் ஓடித் தண்ணீர் வெளியே வந்தால், அடுத்த நாள் அவர் மெட்ராஸ் ரயில் ஏறி, கம்பெனியிடம் சுரங்கத்தைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டு வருவார். தண்ணீர் வராவிட்டால் இஞ்சினை மாடு பூட்டி வேறிடத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள். தகரக் குடிசைகளில் நாற்பது குடும்பம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தது. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு: சுரங்கம் திறந்தால் என்னைத் தீப்போடுகிற ஆளாக நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக மேஸ்திரி சொன்னார்.

'நிரந்தரம்' என்ற வார்த்தையை முன்பு யாராவது சொல்லியிருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்பேன். இங்கே கட்டத் தோன்றவில்லை. காரணம் மேஸ்திரியின் மகள் செல்லம்மா. தாயில்லாத வீட்டை அவள்தான் நடத்தினாள். எனக்கும் மதியத்துக்குக் களி போடுவாள். போடும்போது ஒரு வார்த்தை குத்துவாள். அந்த வார்த்தைக்காகவே நான் நேரத்துக்குப் போவேன்.

முதல் வாரம் இஞ்சின் அடுப்பைத் திறந்து பார்த்தேன். புழுக்கை. அடுப்பிலிருந்து புகைக்கூண்டு வரைக்கும் பாய்லருக்குள் முப்பத்தாறு புகைக்குழாய்கள் படுத்திருக்கின்றன; ஒவ்வொன்றிலும் வைக்கோலும் கந்தலும் அடைத்துக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. காணாமல் போன என் துண்டு ஒன்பதாவது குழாயில் இருந்தது. துண்டின் மீதி என்று சொல்ல வேண்டும்.

கம்பியால் குத்திக் குத்தி எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டன. மறுபடி குத்தினேன். மறுபடி வந்தன. மேஸ்திரி சொன்னபடி புல்லைச் செதுக்கி, புகைக்கூண்டை மூடி, அடுப்புக் கதவின் இடுக்கை அடைத்திருந்தால் வந்திருக்காது. அது குனிந்து செய்கிற வேலை. நான் யோசித்துச் செய்கிறவன்.

அந்த யோசனை செல்லம்மா வீட்டில் கிடைத்தது. துவரம்பருப்புப் பானைக்குள் அவள் காய்ந்த மிளகாயைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பருப்புல எதுக்கு மொளகா?"

"பூச்சி வராது."

"காரத்துக்கா?"

"பின்ன, இனிப்புக்கா?"

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. சந்தைக்குப் போய் நாலு வீசை நீட்டு மிளகாய் வாங்கினேன். ஒரு குழாய்க்கு ஒரு கைப்பிடி. வாயருகே வைத்தால் எலி இழுத்துப் போட்டுவிடும் என்று கம்பியால் குழாயின் நடுவரைக்கும் தள்ளி இறுக்கினேன். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நான் அழுததைத் தவிர வேறு கஷ்டம் இல்லை.

எலி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு புழுக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ணே?"

"பண்ண வேண்டியதைப் பண்ணேன்."

"பெல்ட்டு?"

"பெட்டில பத்திரமா கீது மேஸ்திரி."

"தொங்க விடச் சொன்னேனே."

"பூட்டுப் போட்டுட்டேன்."

பம்பை இழுக்கிற தோல் பெல்ட் அது. கொழுப்புத் தடவி, சுருட்டினால் ஓர் ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். ஏணி வைத்து உத்தரத்தில் கட்ட இரண்டு பேர் வேண்டும். அதனால் மரப்பெட்டிக்குள் வைத்து, பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டிருந்தேன். எலிக்குச் சாவி தேவைப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மிளகாயை எடுப்பதற்கு ஆயுத பூஜை நாளை ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று வேறு வேலை இருக்காது, நிதானமாக எடுக்கலாம் என்று கணக்கு. அன்று காலை கொட்டகைக்குப் போனால், குடிசைப் பெண்கள் விடியலிலேயே வந்து இஞ்சினைக் கழுவி, கதவுக்குக் கதவு சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, வாழை மரம் கட்டி முடித்திருந்தார்கள். எதிரே வாழையிலையில் பொரிகடலை. அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சுத்தியல், ஸ்பானர், எண்ணெய்க் குவளை. கடைசியில், மூன்று இடத்தில் பொட்டு வைத்துக்கொண்டு, குழாய் குத்துகிற என் கம்பி.

செல்லம்மாதான் காவல்.

"அந்தக் கம்பியைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மான்னா சும்மாவே கெடக்கட்டும். இன்னிக்கு அது கம்பி இல்ல, சாமி. நாளைக்குக் காலைல நைனா எடுத்துக் குடுக்கும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பூஜை நடந்த கதவைத் திறக்க வேண்டும், கலைக்க வேண்டும், பெண்களிடம் பேச்சு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எலியை விரட்டிய ரகசியம் அவளுடைய பருப்புப் பானை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நாளை விடியலில் முதல் ஆளாகப் போய் எடுத்துவிடலாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். பொரிகூட இரண்டு கை வாங்கித் தின்றேன்.

விடியலில் போனேன். மேஸ்திரி எனக்கு முன்பே வந்து, கற்பூரம் காட்டி, அதே கற்பூரத்தால் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். மூன்று ஞாயிறு திறந்து பார்த்துச் சுத்தமாக இருந்த குழாய்களை நாலாவது தடவை அவர் பார்க்கவில்லை. என்னை நம்பியதுதான் அன்று அவர் செய்த ஒரே தவறு.

கேப்டன் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது குடும்பமும் சுற்றி நின்றது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இஞ்சின் திறந்துவிட்டது.

புகைக்கூண்டு வழியாகப் போக வேண்டிய புகைக்கு வழி இல்லை. முப்பத்தாறு குழாயிலும் அடைப்பு. அது அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்தது, நாலு வீசை மிளகாயின் நெடியோடு. முதலில் மேஸ்திரி இருமினார். பிறகு வாழை மரத்தைத் தின்ன வந்த ஆடு இருமியது. அப்புறம் யார் இருமவில்லை என்று சொல்வதுதான் சுலபம். துரை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியோடு எழுந்தார். நாற்காலி அவரை விடவில்லை. ஜனங்கள் நாலா பக்கமும் கொல்லைக்குள் ஓடினார்கள். ஓடிக்கொண்டே ஒரு கிழவி மட்டும் திருப்தியாகச் சொன்னாள்:

"நெடி நல்லா தூக்குது. அப்ப இஞ்சினுக்குக் கண்ணு கிண்ணு ஒண்ணும் இல்ல."

(திருஷ்டிக்கு மிளகாய் சுற்றிப் போட்டால் நெடி வராவிட்டால்தான் திருஷ்டி. அந்தக் கணக்குப்படி எங்கள் இஞ்சினுக்கு இன்றுவரை எந்தத் தோஷமும் இல்லை.)

"எவன்டா இதுல மொளகா போட்டது?" என்றார் மேஸ்திரி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

"நான்தான் மேஸ்திரி. எலிக்கு."

செல்லம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "நான் பருப்புக்குச் சொன்னேன். இது இன்னா பருப்பா?"

அடுப்பை வாரிக் கொட்டினோம். குழாய் ஆறக் காத்திருக்க நேரமில்லை. பொட்டு வைத்த கம்பியை மேஸ்திரி என் கையில் கொடுத்தார். முப்பத்தாறு குழாயையும் நான் ஒருவனே குத்தினேன். கை கொப்பளித்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கொப்பளம் ஆறிவிடும். மறுபடி தீப்போட்டு, ஆவி ஏறும்போது உச்சிவெயில் சாய்ந்திருந்தது. பெட்டியிலிருந்து பெல்ட்டை எடுத்து மாட்டினேன். மிளகாய்க் கண்ணால் பார்த்தபோது அது நன்றாகத்தான் தெரிந்தது.

பெரிய சக்கரம் சுற்றியது. ஜனங்கள் கை தட்டினார்கள். மூன்று சுற்று. நாலாவது சுற்றில் பெல்ட் அறுந்து, பாம்பு மாதிரி எழும்பி, கொட்டகைத் தகரத்தை ஓர் அறை அறைந்துவிட்டு விழுந்தது.

சுருளின் வெளிப்பக்கம்தான் முழுசாக இருந்திருக்கிறது. உள்பக்கத்தில் இரண்டு ஆள் நீளத்துக்குச் சல்லடை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்பலகையில் என் முஷ்டி போகிற ஓட்டை. உள்ளே மூலையில் வைக்கோல் மெத்தையில் கண் திறக்காத ஏழு குஞ்சுகள், சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேர் கோபமாக நின்ற இடத்தில் அவை மட்டும்தான் நிம்மதியாக இருந்தன. மழைக்குக் காய்ந்த இடம் தேடி வந்த ஒருத்தி, நான் காரம் போட்ட இடத்தை விட்டு, நானே பூட்டிக் கொடுத்த இடத்தில் குடியேறியிருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. அவள் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தாள் என்பதைத் தவிர.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஓடிப்போவது எனக்குக் கைவந்த காரியம். பாதையும் திறந்துதான் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செல்லம்மா பாதையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பக்கத்துக் கொல்லை ரெட்டியின் கிணற்றில், மாடு கட்டி இறைக்கிற கபிலையின் தோல் பை தொங்கிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"ஏமய்யா, தோல் பையை வெட்டிக் கொடுக்கணுமா? எனக்கு என்ன தருவே?" என்றார் ரெட்டி.

"என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

அவர் என் கண்ணையும் கையையும் பார்த்தார். நெடி அவர் வீடு வரைக்கும் போயிருந்தது.

"எலி புடிப்பியா? கொல்லையில பாதியை அதுங்கதான் தின்னுது. அறுப்பு முடியற வரைக்கும் இருந்து புடிச்சுக் கொடு. பையை எடுத்துக்கோ."

வாணியம்பாடித் தோல் ஷாப்பில் நான் நாலு மாதம் இருந்திருக்கிறேன். பொய் சொல்லாமல் சேர்ந்த ஒரே வேலை அது. பையின் தடித்த பாகத்தை அறுத்து, சல்லடையான இடத்தை வெட்டி எறிந்து, ஒட்டுப் போட்டுத் தைத்தேன். மேஸ்திரி பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு தையலையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். பொழுது சாய ஒரு முழம் இருக்கும்போது பம்புக் குழாயின் வாயிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் கொட்டியது. துரை அதில் கையை நனைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். சுரங்கம் திறந்தது.

எல்லோருக்கும் வேலை கிடைத்தது, என்னைத் தவிர. "மெட்ராஸ் போகுறேன். திரும்பி வரும்போது இந்த ஆள் இஞ்சின்கிட்ட இருக்கக் கூடாது" என்று துரை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான்.

ஆனால் ரெட்டிக்குச் சொன்ன சொல் இருந்தது. அறுப்பு வரைக்கும் கொல்லையில் குனிந்து வளை வளையாகத் தோண்டினேன். எலி எங்கே நுழையும், எதைத் தேடும், எதற்குப் பயப்படாது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். செல்லம்மா மதியத்துக்கு வரப்பு வரைக்கும் களி கொண்டு வருவாள். அறுப்பு முடிந்தது; நாலு மாதமும் தாண்டிவிட்டது. நான் மூட்டை கட்டவில்லை. தை மாதம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "உனுக்குப் பொண்ணு குடுக்கறேன். இஞ்சினைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. எங்களுக்குக் கல்யாணம் எப்படிக் கூடி வந்தது என்று யாராவது கேட்டால் செல்லம்மா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள்:

"நைனா பார்த்த மாப்பிள்ளைன்னு நெனைக்காதீங்க. ரெட்டி கொல்லை எலிங்க புடிச்சி நிறுத்தி வெச்ச ஆளு இவுரு."