டெலிவரிக்காரர் சொன்ன நற்சாட்சி

அன்பும் மரியாதையும் மிகுந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடல்நலமும், அத்தையின் முதுகும், குட்டியின் படிப்பும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம். அம்மா மிக மிக நலம். நான் மட்டும் நலமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை மாமா, பயம்தான்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! அம்மா வேலை பார்த்த கோடவுனை மூடி ஏழு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர் வேலை. இன்று சாயங்காலம் ஆர்டர் வந்தது. அம்மா அதை நான்கு முறை மனதுக்குள் படித்துவிட்டு, ஐந்தாம் முறை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நான் வெடித்துவிடுவேன். அம்மாவிடம் சொன்னால் அம்மா வெடித்துவிடுவார். அதனால்தான் அப்பா இரவு ஷிப்டுக்குப் போன பிறகு, அம்மா தூங்கியதும், சமையலறை மேடையில் நோட்டை வைத்து எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். வீட்டில் இருப்பது அம்மாவின் போன். யார் யாரை எத்தனை நிமிஷம் கூப்பிட்டார்கள் என்று தினமும் பார்ப்பார். போன் வேறு அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நடந்தது இதுதான் மாமா. இன்டர்வியூ நன்றாக முடிந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு பாரத்தைக் கொடுத்து, உங்களோடு வேலை செய்த மூன்று பேரின் பெயரும் நம்பரும் எழுதுங்கள், ரெஃபரன்ஸ் வேண்டும், அவர்களிடம் உங்களைப் பற்றி விசாரிப்போம், உறவினர் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "என்னைப் பத்தி அடுத்தவங்ககிட்ட விசாரிப்பாங்களாம்! நான் என்ன திருட்டு கேஸா? பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன், அந்த ரேக்குங்களைக் கேக்கச் சொல்லு!" என்றார். அப்பா, "ரேக்குக்கு போன் நம்பர் கிடையாதே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அன்று இரவு அப்பாவோடு யாரும் பேசவில்லை. பாரத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு, பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார் அம்மா. வியாழக்கிழமையும் அது அங்கேயே இருந்தது. வேலை கண்ணெதிரே கைநழுவிப் போகிறது, அம்மாவோ ரேக்குகளைத் துணைக்கு அழைக்கிறார். நான் என்ன செய்வேன்?

அம்மா குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தேன். அம்மா போனில் யாருக்கும் பெயர் கிடையாது, உங்களுக்கே தெரியும். அப்பா அதில் 'சாவி எங்க'. பழைய மேனேஜர் 'நாளைக்கு'. கணக்குப் பிரிவு மேடம் 'பூட்டு', ஏனென்றால் வாயைத் திறக்கவே மாட்டார். (உங்களை என்னவென்று வைத்திருக்கிறார் என்பதை நேரில் சொல்கிறேன்.) மேனேஜரையும் மேடத்தையும் எழுதிவிட்டேன், மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஓர் அபார யோசனை வந்தது. அம்மா யாரோடு அதிகம் பேசியிருக்கிறாரோ அவர்தான் அம்மாவுக்கு மிகவும் வேண்டியவர் என்று முடிவு செய்து தேடினால், 'டெலிவரி' என்று ஒருவர். இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்! சில நாள் ஒரே காலையில் ஆறு தடவை! இவ்வளவு நெருங்கிய நண்பர் இருந்தும் நம் வீட்டுக்கு வந்ததே இல்லையே என்று நினைத்துக்கொண்டே அவர் நம்பரை மூன்றாம் கட்டத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கொடுத்துவிட்டேன். ஒருவர் நம்பரைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பது கொடுத்த பிறகுதான் தோன்றியது.

சாயங்காலம் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் போனை வாங்கி மூவரையும் கூப்பிட்டேன். முதலில் மேனேஜர். "அடடே, உங்க அம்மாவா! தங்கமான மனுஷியாச்சே! தாராளமா சொல்றேம்மா" என்றார். எத்தனை வருஷம் வேலை செய்தார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "ஒரு ஏழெட்டு இருக்குமா?" "பத்தொன்பது சார்." "அப்படியா! எல்லாத்தையும் எழுதி அனுப்பிடு, நாளைக்குப் பார்த்துக்கறேன்" என்றார். அம்மாவின் பெருமைகளை ஒன்பது வரியில் டைப் அடித்து அனுப்பினேன். அடுத்து பூட்டு மேடம். "அம்மா வேலை எப்படின்னு கேட்டா என்ன சொல்வீங்க மேடம்?" "நல்லா." "இன்னும் கொஞ்சம் விவரமா?" நீண்ட நேரம் யோசித்து, "ரொம்ப நல்லா" என்றார். சரி, மூன்றாவது ஆள்தான் நெருங்கிய நண்பராயிற்றே, அவர் பொழிந்து தள்ளிவிடுவார் என்று தைரியமாகக் கூப்பிட்டேன்.

"யாரு? கோடவுன்ல எண்ணுவாங்களே, அந்த அம்மா பொண்ணா?"

"ஆமாண்ணா. ஆஸ்பத்திரியிலேருந்து உங்களைக் கூப்பிட்டு அம்மாவைப் பத்திக் கேப்பாங்க."

"என்னையா? அவங்களா என் நம்பரைக் குடுத்தாங்க?"

"ஆமாண்ணா" என்று ஒரே ஒரு பொய் சொன்னேன் மாமா.

அவர் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கூப்பிடட்டும். ஒன்பது வருஷமா வயித்துக்குள்ள கெடக்கு. ஒண்ணு விடாம சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தையல்கார அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்துடுச்சு?" என்று கேட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "டெலிவரின்னு ஒருத்தர் இருந்தாரே, அவர் உனக்கு ரொம்ப வேண்டியவராம்மா?" என்று நைசாகக் கேட்டேன். "யாரு, அந்த வாயாடி லாரிக்காரனா? வேண்டியவனா! பெட்டியை எண்ணாம கையெழுத்துப் போடுன்னு ஒன்பது வருஷம் என் உயிரை எடுத்தான். கோடவுன் மூடினப்ப எனக்கு இருந்த ஒரே ஆறுதல், இனிமே அவன் மூஞ்சில முழிக்க வேண்டாம்ங்கறதுதான்" என்றார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் சண்டை! போய்ப் பாரத்தைத் திரும்ப வாங்கலாம் என்றால் சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை போனால், "விசாரிக்க ஆரம்பிச்சாச்சும்மா" என்றார்கள். அந்த வாரம் கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

புதன்கிழமை தையல்கார அக்கா மாடிப்படியிலிருந்து கத்தினார், "உன் லாரி அண்ணன் லைன்ல இருக்காரு!" நான் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கூப்பிட்டாங்க பாப்பா. அந்த அம்மா எப்படின்னு கேட்டாங்க. கொட்டற மழைல என்னை கேட்டுக்கு வெளில நிறுத்தி வெச்சு நானூறு பெட்டியையும் பிரிச்சு எண்ணுனாங்க மேடம்னு சொன்னேன். காலைப் புடிச்சாலும் எண்ணுவாங்க, டீ வாங்கிக் குடுத்தா டீயைக் குடிச்சிட்டு எண்ணுவாங்கன்னு சொன்னேன். ஆஸ்பத்திரி மேடம் சிரிக்கறாங்க. சிரிக்காதீங்க மேடம், மத்த எடத்துல எல்லாம் எண்ணாமலே கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு வாரம் கழிச்சு டிரைவர் எடுத்துட்டான்னு சொல்லுவாங்க. இந்தம்மா எண்ணினதால ஒன்பது வருஷத்துல என்மேல ஒரு பழி விழுந்தது கிடையாது. சண்டைக்காரிதான், ஆனா நான் நிம்மதியாத் தூங்கினது அவங்க கோடவுன்ல எறக்கின லோடுக்கு மட்டும்தான்னு சொன்னேன். சொல்லலாம்ல?"

மாமா, நான் தையல் மெஷின் மேல் தலையை வைத்து அழுதுவிட்டேன். அக்கா என்னைத் தட்டிக்கொடுக்காமல், "துணி, துணி, நனையுது!" என்றார்.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் விசாரித்ததில் மற்ற இருவர் கதையும் தெரிந்தது. மேனேஜர் ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் "நாளைக்குக் கூப்பிடுங்க" என்றிருக்கிறார், மூன்று நாளும். பூட்டு மேடம் "நல்லா" என்றிருக்கிறார், ஒரு தடவைதான். ஆக, நான் தேடித் தேடிப் பிடித்த நல்லவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது ஒரு வார்த்தை. தப்பாகப் பிடித்த சண்டைக்காரர்தான் வேலையை வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஆறு மாதமாகக் கையுறைப் பெட்டிகள் குறைகிறதாம். எண்ணுகிற ஆளைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம்! இதைவிட யாரால் பொருத்தமாக ஆள் பிடித்திருக்க முடியும், சொல்லுங்கள்!

ஆனால் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா? பாரத்தை அப்பா பூர்த்தி செய்து கொடுத்தார் என்றும், மேனேஜர் புகழ்ந்து தள்ளினார் என்றும் நினைக்கிறார். (அப்பா மறுக்கவே இல்லை. நல்ல பெயர் வருகிறதே என்று வாங்கிக்கொண்டுவிட்டார்.) நாளை மேனேஜரைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போகிறாராம். "நான் பேசவே இல்லையேம்மா" என்று அவர் சொல்லிவிட்டால் அம்மா நூல் பிடித்து டெலிவரி வரைக்கும் போய்விடுவார். பிறகு, "அவன் தயவுல வந்த வேலை எனக்கு எதுக்கு?" என்பார். எதிர்வீட்டோடு சண்டை என்பதால் அவர்கள் நீட்டிய குடையை வாங்காமல் நனைந்து வந்து பத்து நாள் படுத்தவர் உங்கள் அக்கா. ஆர்டரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, திங்கட்கிழமைதான் கடைசி நாள். தையல்கார அக்கா காலை பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே கிளம்பி வாருங்கள். உங்கள் பேச்சை மட்டும்தான் அம்மா பாதிவரையாவது கேட்பார். கையெழுத்தை வாங்கிவிட்டு, பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதுவரை என் பெயர் உங்கள் வாயில் வரவே கூடாது.

அத்தைக்கு என் வணக்கமும் குட்டிக்கு என் முத்தமும். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

பயத்திலும் சந்தோஷத்திலும் தவிக்கும்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, நீங்கள் வர வேண்டாம். 'உங்கள் அக்கா மகள்' என்ற வரியை எழுதி முடித்துத் திரும்பினால் பின்னால் அம்மா. தண்ணீர் குடிக்க வந்தவர், நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். நான் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் எதுவுமே தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "நானூறு பெட்டின்னா சொன்னான்?"

"ஆமாம்மா."

"நானூத்திப் பன்னெண்டு. இப்பவும் பன்னெண்டு பெட்டி குறைச்சுத்தான் சொல்றான் பாரு!"

சொல்லிவிட்டு என் பேனாவைப் பிடுங்கி, ஆர்டரை என் நோட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டது போல இருந்தது, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அடுத்த அறையில் லாரிக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார், இருநூற்றுப் பதின்மூன்றாவது தடவையாக.