நீல இறகு காணவில்லை என்பது பற்றி

அன்புள்ள மருமகனுக்கு மாமா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே என்னைக் கேட்டால் நான் சுகம். உன் அத்தையைக் கேட்டால் நான் சுகமில்லை. அவள் சுகத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. தினமும் என்னோடு இத்தனை வாதாடத் தெம்பு இருக்கிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இதை மாமா மருமகனுக்கு எழுதும் கடிதமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. நீ வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் அனுப்பும் முறையான புகாராகவும் எடுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். குடிநீர் வாரியத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். எழுத்தில் வராத எந்தக் குறையையும் நான் குறையாக மதித்தது கிடையாது. இன்று என் குறை என்பதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை வந்தபோது, "ரிட்டயர் ஆயிட்டீங்க மாமா, பொழுது போகணும்ல" என்று எங்கள் டிவியில் ஒரு பெட்டியை மாட்டி, என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, நீயே வேலை செய்த வீடியோ கேம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதையின் பெரிய சண்டைகளை எல்லாம் வேறு ஆட்கள் செய்கிறார்கள், நீ செய்வது வழியில் வரும் சின்னச் சின்ன வேலைகளை மட்டும், அதற்கு சைடு மிஷன் என்று பெயர், அதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்று உன் அம்மாவிடமும் விளக்கியிருக்கிறாய். அன்றிலிருந்து என் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "இவ்வளவு படிக்க வெச்சேன், இப்படி சைடுல போட்டு வெச்சிருக்காங்களேடா, மெயினுக்கு எப்படா எடுப்பாங்க?" என்று போனில் என்னிடம் மூக்கைச் சிந்துகிறாள். நான் என்ன பதில் சொல்வது? அவள் கேட்டபோது நானே கோழி பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் விளையாட்டில் நாட்டுக்கு வந்திருக்கும் ஆபத்து எனக்கு நன்றாகவே தெரியும். மலை உச்சியில் இருக்கும் பூதம் ஊருக்கு வரும் ஆற்றை ஒரு குடத்துக்குள் அடைத்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. ராஜாவே படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் காப்பாற்ற வேண்டும் என்றார். தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! அசரவில்லை. ஏனென்றால் அரண்மனைக்குப் போகும் வழியிலேயே ஒரு கோழிக்காரம்மா, தீராத குறை இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்றிருந்தாள். கொல்லன் ஒருவன் சுத்தியலைத் தொலைத்துவிட்டு நின்றிருந்தான். இவர்கள் ராஜாவுக்கு முன்னால் வந்தவர்கள். பெரிய மனிதர் என்பதற்காக வரிசையைத் தாண்ட விட்டால் அப்புறம் குறைதீர்ப்புப் பிரிவு எதற்கு? ராஜாவை உட்காரச் சொல்லிவிட்டு (அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் இருக்கிறார்) கோழி பிடிக்கப் போனேன். பூதமும் மரியாதை தெரிந்த பூதம். நான் வரும்வரை குடத்தைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் காத்திருக்கிறது.

கோழிகள் அத்தனையையும் பிடித்துக் கொடுத்தேன். கோழிக்காரம்மா கைகூப்பி, உங்கள் உதவியை மறக்கவே மாட்டேன் என்று சொல்லி எனக்கு ஒரு முள்ளங்கி கொடுத்தாள். சுத்தியலைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குக் கொல்லன் ஒரு தொப்பி கொடுத்தான். அது எனக்குப் பொருந்தவில்லை, அது வேறு விஷயம். உன் அத்தை இதைக் கேட்டுவிட்டு, "ஒரு முள்ளங்கிக்கா மத்தியானம் பூரா கோழி வெரட்டினீங்க? நான் கடைக்குப் போயி முள்ளங்கி வாங்கிட்டு வாங்கன்னா மட்டும் முட்டி வலிக்குது" என்றாள். அவளுக்குப் புரியாது. உனக்குச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் வேலையில் இருந்தவரை குழாயில் தண்ணீர் வந்த பிறகு யாரும் என் மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை. வரவில்லை என்றால்தான் வருவார்கள். வந்துவிட்டால் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் உன் விளையாட்டு ஊரில் ஒவ்வொருவரும் நின்று, என் முகத்தைப் பார்த்து, நன்றி சொல்லி, கையில் எதையாவது திணித்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்த முள்ளங்கியை நான் இன்னும் பையில்தான் வைத்திருக்கிறேன். தின்றால் உடம்பில் தெம்பு ஏறும் என்று எழுதியிருக்கிறது. தின்ன மனம் வரவில்லை.

இனிப் புகார். ஆறு நின்றுபோனதால் பிழைப்பில்லாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் படகுக்காரர் ஒருவரை நீ வைத்திருக்கிறாய். அவர் படகுப் பாயில் கட்டியிருந்த நீல இறகுகள் காற்றில் பறந்துவிட்டன. தேடித் தந்தால் பரிசு உண்டு என்கிறார். பரிசு என்ன என்று கேட்டால் சொல்லாமல் சிரிக்கிறார். எல்லாவற்றையும் தேடிக் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்தக் கடைசி இறகு மணிக்கூண்டின் உச்சியில், மணியை ஒட்டி இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அங்கே ஏறிப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிவிட்டேன். இல்லை. மறுபடி ஏறினேன். இல்லை. ஏறும்போது ஒரு தடவை கால் வழுக்கி நேராகக் கோழிக்காரம்மாவின் கூரைமேல் விழுந்து, கூரை உடைந்து, கோழிகள் எல்லாம் தப்பித்து, அதில் ஒன்று கொல்லன் பட்டறைக்குள் புகுந்து, அவன் அதை விரட்டச் சுத்தியலை வீசி, சுத்தியல் கிணற்றில் விழுந்து, நான் தீர்த்து மூடிய புகார்கள் எல்லாம் ஒரே மூச்சில் மறுபடி உயிர் பெற்று, எல்லார் தலையிலும் ஆச்சரியக்குறி முளைத்துவிட்டது. திரும்ப ஒருமுறை கோழி பிடித்தேன். திரும்ப ஒரு முள்ளங்கி. இந்த இடத்தில் உன் வேலையை மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் ஆபீசில் நடப்பதை நேரில் பார்த்தவன்போல் செய்திருக்கிறாய்.

இறகு இல்லாதது போதாதென்று வேறு குறைகளும் உண்டு. உங்கள் நாட்டில் ஓயாமல் மூடுபனி. கோழி எது, கல் எது என்று கிட்டப்போனால்தான் தெரிகிறது. எழுத்தெல்லாம் தண்ணீர் கலந்த மையில் எழுதியதுபோல் இருக்கிறது. வானத்தில் இரண்டு நிலா காய்கிறது, ஒன்றோடு நிறுத்தச் சொல்.

இந்த மூன்றையும் உன் அத்தையிடம் சொன்னது நான் செய்த பிசகு. டிவி பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அந்தப் பக்கமே திரும்பாதவள், திரும்பாமலேயே, "பனி டிவியில இல்ல, உங்க கண்ணுல" என்றாள். அவளும் கண் டாக்டரம்மாவும் கூட்டு. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், இன்னும் தள்ளிப்போட்டால் பிறகு அவர்களுக்கே சிரமமாம். நான் தெருவிளக்கு சரியில்லை என்றால் கண் என்கிறாள். பேப்பரில் மை மட்டம் என்றால் கண் என்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரரிடம், "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் விறைப்பாக நின்றார். எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா, அன்றிலிருந்து நானும் முகம் கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் விசாரித்தது அவர் வாசலில் மாட்டி வைத்திருந்த கோட்டை. இதையும் கண் கணக்கில் சேர்த்துவிட்டாள். யாரோ ஒருவர் கோட்டை ஆள்போல அவ்வளவு நன்றாகத் தைத்தால் அதற்கு நானா பொறுப்பு?

டாக்டரம்மா நாள் குறிக்க நோட்டை எடுத்தபோது நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். எடுத்த வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை, கடைசி நீல இறகு கிடைக்கட்டும், மறுநாள் காலையில் வந்து படுக்கிறேன், இது சத்தியம். "என்ன இறகு?" என்று டாக்டரம்மா உன் அத்தையைப் பார்த்தார். உன் அத்தை அவரைப் பார்த்தாள். "அதையும் எழுதிக்குங்க டாக்டர், இவரு சொன்ன சொல்லுல நிப்பாரு" என்றாள். அது உண்மைதான். அதில்தான் சிக்கல்.

உன்னிடம் மறைப்பானேன். பயம்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்வார்களாமே! கத்தி வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டுமா, அல்லது கத்தி வருவதுகூடத் தெரியாத அளவுக்குப் பார்வை போய்விட்டதா, எது மோசம் என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது கொஞ்சமாவது தெரிகிறது. கை தவறி அதுவும் போய்விட்டால்? இதை உன் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டையை நிறுத்திவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அதைத் தாங்க என்னால் முடியாது.

ஆகவே மருமகனே, உன்னிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. இறகைப் புதிதாக வைத்துத் தரச் சொல்லவில்லை, அந்தச் சிரமமெல்லாம் உனக்கு வேண்டாம். அந்த இறகு அங்கே இல்லை, வைக்க மறந்துவிட்டோம், இனியும் வைக்கப்போவதில்லை என்று உன் கம்பெனி தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும். இல்லாத இறகு கிடைக்காது, கிடைக்காத இறகுக்காகச் செய்த சத்தியமும் செல்லாது. உன் அத்தை எழுத்தை மதிப்பவள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஆய்வு செய்யப்பட்டது, எங்கள் பகுதியில் குறை ஏதும் இல்லை, குறை மனுதாரரின் இல்லத்தில் உள்ளது" என்று ஒரு பதில் அனுப்பலாம் என்று பார்க்காதே. அந்த வாசகத்தை எங்கள் பிரிவில் எழுதி வைத்தவனே நான்தான். அதை வைத்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு நீயாகவே போன் செய், அவள் செய்யும்வரை காத்திருக்காதே. மெயினோ சைடோ, எங்கே இருந்தாலும் நீடூழி நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பதிலை வாசலிலேயே எதிர்பார்த்திருக்கும் மாமா

பின்குறிப்பு: மேலே கண்ட புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடிதத்தை மடிக்கும்போது, சாட்சிக் கையெழுத்து ஒன்று இருந்தால் புகாருக்குப் பலமாக இருக்குமே என்று தோன்றியது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டாம். உன் அத்தையைக் கூப்பிட்டேன். "தல சுத்தினா சுத்தட்டும், ஒரு நிமிஷம் வந்து பாரு. மணிக்கூண்டு பூரா காட்டுறேன். எறகு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உச்சிக்கு ஏறி மணியின் முன்னால் நின்று, "பாத்தியா, பனியத் தவிர ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"பனியா? எங்க இருக்கு பனி? வெயில் கொளுத்துதே" என்றாள்.

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடுறேன், நீங்கதான் வெளையாடுறீங்க. மணி மேல நீலமா ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு மின்னுதே, அது என்ன?"

மணி தெரிந்தது. மணியின் மேல் எதுவும் தெரியவில்லை. உன் அத்தை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டிவியின் மேல் ஓரிடத்தில் வைத்து, "இங்க" என்றாள். விரல் இருந்த இடத்துக்கு ஆளை நகர்த்திப் பொத்தானை அழுத்தினேன். டிங் என்றது.

படகுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, முள்ளங்கியோ தொப்பியோ தராமல், ஏறுங்கள் ஐயா, உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று படகில் ஏற்றிக்கொண்டார். ஏரியின் நடுவில் நிறுத்தி, இதுதான் உங்களுக்கான பரிசு, பாருங்கள் என்றார். பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. உன் அத்தை மட்டும், "ஐயோ, என்னங்க இது!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்ன தெரிகிறது, சொல்லு சொல்லு என்று அவசரப்படுத்தினேன். எதற்கும் பதில் வைத்திருப்பவள், "எனக்குச் சொல்லத் தெரியலைங்க. நீங்க பாக்கணும்" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அதிலும் பனிதான். அதற்கு உன் கம்பெனி மேல் புகார் எழுத முடியாது.

ஆகவே பதிலை நானே எழுதி இந்தப் புகாரை மூடுகிறேன். ஆய்வு செய்யப்பட்டது. குறை மனுதாரரின் இல்லத்தில் உள்ளது. நாளைக் காலை போய்ப் படுக்கிறேன், உன் அத்தை பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். பயமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் மேலே எழுதியிருந்தேன் அல்லவா, சாட்சிக் கையெழுத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கடிதத்தை அவள் முழுக்கப் படித்துவிட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன்னை மெயினுக்குக் கூப்பிட்டாலும் போகாதே. படகை ஏரி நடுவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், அந்த மனிதர் காத்திருப்பார். கட்டு அவிழ்த்ததும் முதலில் உன் அத்தை முகம், பிறகு ஏரி, அதற்குப் பிறகுதான் ராஜாவின் தண்ணீர். முன்னால் வந்தவர்களை முதலில் பார்க்க வேண்டும். அதில் மட்டும் நான் மாறுவதாக இல்லை.