இடது கிருதா

"கதவைத் திறங்க! நான் வரி கட்டுறவன்!"

சலூன்காரர் தட்டிய தட்டலில், பள்ளி நிர்வாகக் குழு அறைக்குள் யாரோ தண்ணீர்க் குவளையைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

பள்ளியின் பின்வாசலை மூடப் போவதாகப் பேச்சு. மூடினால் அவர் மகள் லாரிகள் பறக்கும் சாலையைச் சுற்றித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

தலைவர் எட்டிப் பார்த்தார். "கத்தாதீங்க. அடுத்த கூட்டத்துக்கு உள்ளயே வந்து உக்காருங்க."

அடுத்த மாதம் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். தலைவர் ஒவ்வொன்றாக வாசித்தார். உறுப்பினர்கள் "சரி" என்றார்கள். நாற்காலி சூடாகும் முன்பே கூட்டம் முடிந்துவிட்டது.

"யாருமே ஒண்ணும் பேசலையே?"

"பேச என்ன இருக்கு?"

"அப்போ மைக் வைங்க. தெருவே கேட்கட்டும்."

வைத்தார்கள். அதற்கடுத்த மாதம் "சரி, சரி" என்று தெருமுனைவரை முழங்கியது. காய்கறி வண்டிக்காரர் பேரம் படிந்துவிட்டது என்று நினைத்து எடை போடவே தொடங்கிவிட்டார்.

முன்கூட்டியே எங்கோ கூடிப் பேசுகிறார்கள். எங்கே? தலைமையாசிரியர் அறையிலா? தலைவர் வீட்டு மாடியிலா? அந்தக் கேள்வி சலூன்காரரின் மண்டையைக் குடைந்தது. அடுத்த கூட்ட நாளில் மதியமே பள்ளி வாசலில் காவல் நிற்கக் கிளம்பினார்.

"சாயங்காலக் கூட்டத்துக்கு மத்தியானமேவா? என் தம்பி ஒருத்தனா எத்தனை தலையைப் பார்ப்பான்?" என்றாள் மனைவி.

"பார்க்கட்டும், கை பழகும். இன்னும் எல்லாருக்கும் இடது கிருதாவை ஏத்தித்தான் வெட்டுறான், உன் தம்பி."

மதியம் முழுக்க ஓர் உறுப்பினர்கூடப் பள்ளிக்குள் நுழையவில்லை. மாலையில் எல்லாரும் ஒன்றாக, பளிச்சென்று, சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"பின்வாசலை மூடுவது," என்று தலைவர் வாசித்தார்.

"சரி."

சலூன்காரர் துள்ளி எழுந்தார். கண் தலைவரின் தலையில் போய் நின்றது. தலைவரின் இடது கிருதா வலதைவிட ஒரு விரல்கடை மேலே இருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும் அப்படியே. அவருக்கு அடுத்தவருக்கும்.

செருப்பை மறந்து கடைக்கு ஓடினார். மைத்துனன் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தக் குழுக்காரங்க இங்கயா வந்தாங்க?"

"இன்னிக்கு மத்தியானம் பூரா இங்கதானே இருந்தாங்க அத்தான். நீங்க அங்க காவல் நின்னதால, இங்க நிம்மதியாப் பேச முடிஞ்சுதாம்."

"பின்வாசலை மூடுறதும் இங்கதான் முடிவாச்சா?"

"ஆமா. ஏன் மூடணும்னு அவங்களுக்கே தெரியல, ஓட்டு ரெண்டு பக்கமும் சமமா நின்னுச்சு. வரி கட்டுறவன் சும்மா இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அதான், மூடலாம்னு நானும் கையைத் தூக்கிட்டேன்."